காரணமே தெரியாமல் மனசு மரத்துக் கிடக்கிறது: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

வடக்குவாசல் (இழை தொடங்கியவர்)

"அழுகையும் வரல, சிரிப்பும் வரல. வேலை இருக்கு, வீட்டுல சண்டை இல்ல, கடன் இல்ல. ஆனா எதுவும் உள்ள இறங்க மாட்டேங்குது." இந்த மாதிரிக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது. "டூர் போங்க", "தியானம் பண்ணுங்க" என்று நாலு பதில் விழும், அத்தோடு இழை தூங்கிவிடும். ஒரே இடத்தில் உருப்படியாகச் சேர்த்து வைப்போம். மருந்து, பரிசோதனை, மனநலம் என்று இந்த வேலையிலேயே இருப்பவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதைக்கு வேறு இழை உண்டு. எதை முதலில் பார்ப்பது, எத்தனை நாள் பார்ப்பது, எங்கே சொதப்பும், அவ்வளவுதான் இங்கே.

உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்திருந்தால் இதைப் படித்துக்கொண்டு உட்கார வேண்டாம். 14416, டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

மாத்திரைஅட்டை

வீட்டில் இருக்கும் அட்டைகளை எல்லாம் மேசையில் கொட்டுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் பிராண்டை விட்டுவிட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள்.

முதலில் தேட வேண்டியது லெவோசல்பிரைடு. கேஸ், நெஞ்செரிச்சல், வயிற்று உப்புசம் என்று போனால் தரும் கேப்சூலில் ரேபிப்ரசோல், பான்டோப்ரசோல், ஈசோமெப்ரசோல் ஏதாவது ஒன்றோடு 75 மி.கி. அளவில் சேர்ந்திருக்கும். பிராண்டின் வாலில் பெரும்பாலும் 'எல்' இருக்கும். 'டி' என்றிருந்தால் டொம்பெரிடோன். அது மூளைக்குள் அவ்வளவாகப் போகாது. லெவோசல்பிரைடு போகும், போய் டோபமைன் (நாட்டத்துக்கும் அசைவுக்கும் தேவையான மூளை ரசாயனம்) வந்து சேரும் ஏற்பிகளை அடைக்கும். சில வாரத்துக்கு எழுதிக் கொடுத்ததைப் பழைய சீட்டைக் காட்டி வருஷக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவதுதான் பிரச்சினை. முகத்தில் பாவம் குறைவது, கை நடுக்கம், நடை சுருங்குவது, பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது அல்லது மார்பில் பால் கசிவது, ஆண்களுக்குத் தாம்பத்திய ஆசை குறைவது, இதில் ஒன்று சேர்ந்திருந்தாலும் எழுதிக் கொடுத்தவரிடம் அட்டையோடு போங்கள். அறுபது தாண்டியவர்களுக்கு இது இன்னும் அவசரம்.

அடுத்தது ஃப்ளூனரிசின். ஒற்றைத் தலைவலிக்கு இரவில் 5 அல்லது 10 மி.கி. மனச்சோர்வையும் பார்க்கின்சன் மாதிரி விறைப்பையும் கொண்டுவரும் என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. முன்பு மனச்சோர்வு வந்தவர்களுக்குத் தரவே கூடாது. இரண்டு மாதத்தில் பலன் இல்லையென்றால் நிறுத்த வேண்டும். பலன் இருந்தாலும் ஆறு மாதத்தில் ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும். தலைசுற்றல் மாத்திரையில் வரும் சின்னரிசினும் அதே குடும்பம்.

ப்ரோப்ரனோலால் மேல் பழைய பட்டியல்கள் எல்லாம் பழி போடும். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு நிற்கவில்லை. அசதி தரும், அது வேறு.

கடைசியாக, மனச்சோர்வுக்கே தரும் மாத்திரைகள்: எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், பராக்ஸெட்டின் வகையறா. துக்கத்தின் உச்சியைச் சீவும்போது சந்தோஷத்தின் உச்சியையும் சேர்த்துச் சீவிவிடும். இதை எப்படிப் பிரித்தறிவது? தூக்கம், பசி, வேலையில் கவனம் எல்லாம் தேறிவிட்டது, 'உணர்வு' மட்டும் வரவில்லை, அதுவும் மாத்திரை தொடங்கிய பிறகோ அளவைக் கூட்டிய பிறகோ வந்த மாற்றம் என்றால் மருந்தைச் சந்தேகிக்கலாம். இதைச் சொல்லாமல் மருத்துவரிடம் "இன்னும் சரியாகல" என்று மட்டும் சொன்னால், நோய் மிச்சமிருக்கிறது என்று நினைத்து அளவைக் கூட்டுவார். மரத்துப்போவதும் கூடும். "அழுகை நின்றுவிட்டது, கூடவே சிரிப்பும் நின்றுவிட்டது, 10 மி.கி.யில் இருந்து 20 ஆக்கிய பிறகு" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே வேறு திசையில் போகும். அளவைக் குறைக்கலாம், ப்யூப்ரோபியான், வோர்டியாக்ஸெட்டின் மாதிரி வேறு மருந்துக்கு மாற்றலாம்.

தானாக நிறுத்தாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக் குறைப்பது என்று வழக்கம் இருக்கிறதே, பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸினுக்கு அது மோசமான வழி. ரத்தத்தில் அளவு தினமும் ஏறி இறங்கும். தலைக்குள் மின்சாரம் வெட்டுவது போல், கிறுகிறுப்பு, குமட்டல் வரும். "நோய் திரும்பிடுச்சு" என்று பயந்துபோய் மறுபடி முழு அளவுக்குப் போய்விடுவார்கள். தினமும் போட்டுக்கொண்டே அளவைச் சிறிது சிறிதாக இறக்குவதுதான் முறை, அதுவும் மருத்துவர் சொல்லும் வேகத்தில்.

சோதனைக்குழாய்

ரத்தத்தில் என்ன பார்க்கலாம் என்று மட்டும் சொல்கிறேன். 'முழு உடல் பேக்கேஜ்' வேண்டாம். எழுபது வரியில் ஏதாவது ஒன்று சிவப்பில் வரும், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் ஓடிவிடும். டி.எஸ்.ஹெச். (தைராய்டுக்கு), ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் (இரும்பு இருப்புக்கு), பி12, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை சராசரி). இது போதும்.

டி.எஸ்.ஹெச்.: ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை சாதாரணம், ஆய்வகத்துக்கு ஆய்வகம் கொஞ்சம் மாறும். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். 5, 10 மி.கி. என்று வரும் அந்த அளவு பயோட்டின் பல கருவிகளில் டி.எஸ்.ஹெச். எண்ணைப் பொய்யாகக் கீழே இறக்கிக் காட்டும். உண்மையில் தைராய்டு மந்தமாக இருப்பவருக்கு 'நார்மல்' என்று காகிதம் வரும். ரத்தம் எடுப்பவர் இதைக் கேட்க மாட்டார், நீங்களாகச் சொல்ல வேண்டும். எண் 5, 6 என்று லேசாக ஏறி, டி4 என்ற தைராய்டு ஹார்மோன் சரியாக இருந்தால் உடனே தைராய்டு மேல் பாரத்தைப் போடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் பலருக்குத் தானே இறங்கியிருக்கும்.

பி12: 200 பிகோகிராமுக்குக் கீழே குறைபாடு, 200 முதல் 300 வரை சந்தேக எல்லை. சைவர்கள், மெட்ஃபார்மின் பல வருஷமாகச் சாப்பிடும் சர்க்கரைக்காரர்கள், பான்டோப்ரசோல் வகையைத் தினமும் போடுகிறவர்கள், இவர்கள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். ரத்தசோகை தெரியாமலே நரம்பையும் மனசையும் பிடிக்கும். உள்ளங்காலில் மதமதப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். கிளினிக்கில் சிவப்பு ஊசி ஒன்று போட்டுவிட்டு மறுவாரம் வந்தால் எண் ஆகாயத்தில் நிற்கும், ஒன்றும் சொல்ல முடியாது. வெறும் ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிடுவது இன்னொரு கண்ணி. ரத்தம் சரியாகும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

ஃபெரிட்டின்: 30க்குக் கீழே போனால் இரும்பு இருப்பு காலி என்றே எடுத்துக்கொள்ளலாம், ஹீமோகுளோபின் 12 இருந்தாலும். காய்ச்சல், சளி, மூட்டு வீக்கம் உள்ள நாளில் எடுத்தால் பொய்யாக ஏறியிருக்கும்.

வைட்டமின் டி பற்றி எல்லோரும் கேட்பார்கள். குறைவாக இருந்தால் எலும்புக்காகச் சரிசெய்யுங்கள். மனசுக்கு அது மருந்து என்பதற்கு ஆதாரம் பலவீனம். 60,000 யூனிட் பாக்கெட் வாரம் ஒன்று, எட்டு வாரம் என்பதுதான் பொதுவான கணக்கு. அதை ஒரு வருஷம் விடாமல் சாப்பிட்டுக் கால்சியம் ஏறிப்போய், அதனாலேயே மந்தமாகி வருகிறவர்கள் உண்டு.

பென்சில்சீவி

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் வரிசையில் ஒரு ஆபத்து இருக்கிறது. ரத்தம் சுத்தமாக வந்தால் "உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்று அனுப்பிவிடுவார்கள். ஏதாவது லேசாகக் குறைந்தால் மூன்று மாதம் அதன் பின்னால் போவார்கள். ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே தொடங்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. மனநலத் துறையில் இதற்கு நடத்தைத் தூண்டல் என்று பெயர். 1970களில் இருந்து புழக்கத்தில் உள்ள முறை. மனச்சோர்வுக்கான பேச்சு சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்த 1996ஆம் ஆண்டு ஆய்வில், இந்த ஒரு பகுதியே முழுச் சிகிச்சைக்கு ஈடாக நின்றது.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று. நாலு பத்தி: நேரம், செய்தது, செய்வதற்கு முன் "இதில் மனசுக்கு எவ்வளவு தேறும்" என்ற ஊகம், முடிந்தபின் உண்மையில் தேறியது. பூஜ்யத்தில் இருந்து பத்து. ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

காலை 6.40, பால் வாங்கப் போனது, ஊகம் 0, தேறியது 2.
7.30 முதல் 8.15, போன், ஊகம் 4, தேறியது 1.
மதியம் 1.10, ஆபீஸ் மாடியில் தனியாகச் சாப்பிட்டது, ஊகம் 1, தேறியது 1.
மாலை 6.00, துணி மடித்தது, ஊகம் 0, தேறியது 3.

முடித்த அஞ்சு நிமிடத்துக்குள் எண் போட வேண்டும். ராத்திரி படுக்கப்போகும் முன் மொத்தமாக எழுதினால் எல்லாம் பூஜ்யம்தான் விழும், ஏனென்றால் மரத்த மனசு பின்னோக்கிப் பார்க்கும்போது சின்னச் சின்ன ஏற்றங்களை விழுங்கிவிடும். ஊகப் பத்தி எதற்கு என்றால், ஒன்றை நாடுவதும் அது கிடைத்தபின் ரசிப்பதும் மூளையில் வெவ்வேறு வழியில் ஓடுகின்றன. பலருக்கு முதலில் அடிபடுவது நாட்டம். ரசனை கொஞ்சம் மிச்சமிருக்கும், ஆனால் நாட்டம் இல்லாததால் அங்கே போகவே மாட்டார்கள். ஊகம் 0, தேறியது 3 என்று நாலு வரி கண்ணில் பட்டால், 'தோணட்டும், அப்புறம் செய்யலாம்' என்று காத்திருப்பதில் அர்த்தம் இல்லை என்று நோட்டே சொல்லிவிடும். ஊகமும் தேறியதும் இரண்டும் வாரம் முழுக்கப் பூஜ்யம் என்றால் அதுவும் தகவல்தான். அப்படிப்பட்டவர் நோட்டோடு மருத்துவரிடம் போக வேண்டும்.

இரண்டாம் வாரம், ஒரு நாளைக்கு இரண்டே வேலை. ஒன்று உடம்பு அசைவது, இன்னொன்று ஆளோடு சேர்ந்தது அல்லது கை வேலை. மணி, இடம், முடியும் நேரம் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். "வாக்கிங் போகணும்" என்பது செல்லாது. "மாலை 5.30, செருப்பு மாட்டி, தண்ணீர்த் தொட்டி வரை, 10 நிமிடம்" என்பது செல்லும். மனசு எப்படி இருந்தாலும் அந்த மணிக்குச் செய்வது, எண் போடுவது, வந்துவிடுவது. நன்றாக இருந்த நாளில் நாற்பது நிமிடம் நடந்துவிடாதீர்கள். மறுநாள் பத்தே மலையாகத் தெரியும், விட்டுப்போகும். கூட்டுவது வாரத்துக்கு ஒருமுறை, ஐந்து நிமிடம்.

எங்கே சொதப்பும்: முன்பு உயிராக இருந்த விஷயத்தைத் தேர்வு வைப்பது. பிடித்த பாட்டைப் போட்டு "இப்ப சிலிர்க்குதா, இப்ப சிலிர்க்குதா" என்று உள்ளே எட்டிப் பார்த்தால் சிலிர்க்காது. பழைய பிரியங்களை முதல் ஒரு மாதம் ஒதுக்கி வையுங்கள். உப்புச்சப்பில்லாத வேலையாக எடுங்கள்: மிதிவண்டிக்கு எண்ணெய் விடுவது, கீரை ஆய்வது, அலமாரியில் ஒரே ஒரு தட்டை அடுக்குவது. எண் போடும்போது சந்தோஷத்தைத் தேடாமல், அந்தப் பத்து நிமிடம் கவனம் அதில் நின்றதா என்று பாருங்கள்.

ஆத்தங்கரை

டோபமைன் டீடாக்ஸ்னு ஒண்ணு சொல்றாங்களே, ஒரு நாள் பூரா போன், பாட்டு, சாப்பாடு எல்லாத்தையும் விட்டுட்டு உட்காரச் சொல்றாங்க. அது சரியா வருமாங்க?

பென்சில்சீவி

டோபமைன் தீர்ந்துபோய் நிரப்புகிற சரக்கு இல்லைங்க. ஒரு நாள் சும்மா உட்கார்ந்தால் அது ஊறி நிற்காது. மரத்துப்போனவரைச் சும்மா உட்கார வைப்பது நோய் விரும்புவதையே செய்வது. போனில் ஒரே ஒரு விஷயம் உண்மை. குறும்வீடியோ நோட்டில் ஒன்று, இரண்டு என்று எண் வாங்கும், ஆனால் மூன்று வாங்கக்கூடிய வேலையின் இடத்தை அடைத்துக்கொள்ளும். எழுந்து முதல் முக்கால் மணியும் படுக்கும் முன் ஒரு மணியும் போன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் இருக்கட்டும். எழுப்ப ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முக்கால் மணியில் அரை மணி வெளிச்சத்தில் நில்லுங்கள், மொட்டை மாடி போதும். விழிக்கும் நேரம் ஞாயிற்றுக்கிழமையும் மாறக் கூடாது.

நாலாம்வார்டு

வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாதவர்கள் யார் என்று யாரும் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன்.

பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதுக்குள், சில மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டு, மார்க் சரிந்து, குளிக்காமல், நண்பர்களை விட்டு, பேச்சில் சந்தேகம் தொனித்தால் நோட்டும் வேண்டாம், வாக்கிங்கும் வேண்டாம். நேரே மனநல மருத்துவர். மனச்சிதைவு இப்படிச் சத்தமில்லாமல் தொடங்குவது உண்டு, சீக்கிரம் பிடித்தால் பலன் அதிகம்.

அறுபதுக்கு மேல் புதிதாக வந்தால், அவருக்குக் கவலையே இல்லை, வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் கவலை என்றால், அது மனச்சோர்வாக இல்லாமல் மறதி நோயின் அல்லது பார்க்கின்சனின் தொடக்கமாக இருக்கலாம். பக்கவாதத்துக்குப் பிறகும், தலையில் அடிபட்ட பிறகும் இதே. நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும்.

பிரசவமான பெண் "குழந்தையைப் பார்த்தா ஒண்ணும் தோணல" என்று சொன்னால் யாரும் திட்ட வேண்டாம். எடின்பரோ என்ற பத்துக் கேள்வித் தாள் இதற்கென்றே 1987 முதல் இருக்கிறது. பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது பற்றியது; அதற்கு 'இல்லவே இல்லை' தவிர எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை.

குறட்டை பலமாக, நடுவில் மூச்சு நின்று திணறுவதைப் பக்கத்தில் படுப்பவர் பார்த்திருந்தால் தூக்கப் பரிசோதனை. எத்தனை மணி தூங்கினாலும் பகல் சப்பென்று இருக்கும்.

குடி: வாரக் கடைசி மட்டும் என்றாலும் ஒரு மாதம் நிறுத்திப் பார்க்காமல் வேறு எந்த முடிவுக்கும் வர முடியாது. நிறுத்திய முதல் சில வாரம் இன்னும் மரத்துத்தான் போகும். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில் வைத்து நிறுத்த வேண்டும்.

மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ-9 தாள் பற்றியும். ஒன்பது கேள்வி, கடைசி இரண்டு வாரத்தைப் பற்றி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. முதல் கேள்வியே எதிலும் ஆர்வமோ இன்பமோ இல்லாததைப் பற்றியது. இரண்டாவது சோகம் பற்றியது. நம் ஆட்கள் "சோகம் இல்லையே" என்று இரண்டாவதற்குப் பூஜ்யம் போட்டுவிட்டு, மொத்தத்தையும் அப்படியே தட்டிவிடுவார்கள். முதல் இரண்டும் சேர்ந்து 3 வந்தாலே மீதி ஏழையும் ஒழுங்காகப் போட வேண்டும். முதல் கேள்வி ஒன்றே அந்த மூன்றைத் தரும். மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர். ஒன்பதாவதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும் அன்றைக்கே.

மருத்துவரிடம் "டயர்டா இருக்கு" என்றால் பி-காம்ப்ளெக்ஸ்தான் கிடைக்கும், கூட்டத்தில் அவருக்கு இரண்டு நிமிடம்தான். இப்படிச் சொல்லுங்கள்: "நாலு மாசமா. பேரன் வந்தாலும் ஒண்ணும் தோணல. தூக்கம் ஆறு மணி நேரம், பசி இருக்கு, ருசி இல்ல. வேலைக்குப் போயிட்டுத்தான் இருக்கேன். இந்தா, சாப்பிடுற மாத்திரை எல்லாம்." தனியாரில் பார்க்க வசதி இல்லாதவர்களுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

கொடிகாமம்_கிழக்கு

இலங்கையில இருக்கிறவைக்கு 1926, அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம், தமிழிலையும் கதைக்கலாம். மற்றது, நாலாம்வார்டு அக்கா, "கண்ணாடிக்குப் பின்னால நிண்டு பாக்கிற மாதிரி, கை என்ர கை இல்லாத மாதிரி" எண்டு சொல்லுறவையை இதோட சேர்க்கக்கூடாது எல்லோ?

நாலாம்வார்டு

ஆமாம் தம்பி, நல்ல நேரத்தில் கேட்டாய். அது வேறு. தன்னை விட்டுத் தானே விலகி நிற்கிற உணர்வு. பதற்றம், தூக்கக் கேடு, கஞ்சா, பழைய அதிர்ச்சி ஆகியவற்றோடு வரும். அதற்கு நோட்டில் எண் போடச் சொன்னால் சரிபார்க்கும் பழக்கம் கூடி இன்னும் மோசமாகும். கஞ்சாவை நிறுத்துவது, தூக்கத்தைச் சரிசெய்வது, பதற்றத்துக்கு வைத்தியம், இந்த வழியில் போக வேண்டும்.

ஆத்தங்கரை

வீட்டுல இருக்கறவங்க என்ன பண்ணலாம்? கோயில், கல்யாணம்னு இழுத்துட்டுப் போறது நல்லதா?

பென்சில்சீவி

கல்யாண வீடு கடைசியில். அங்கே மூன்று மணி நேரம் சிரித்தது போல் நடிக்க வேண்டியிருக்கும். நடிப்பு முடிந்து வந்தால் வெறுமை இரட்டிப்பாகத் தெரியும். கோயில் பரவாயில்லை, போய் பத்து நிமிடத்தில் திரும்புகிற மாதிரி இருந்தால். "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று தினமும் கேட்காதீர்கள். "வா, கத்திரிக்காய் வாங்கிட்டு வரலாம்" என்று கூட்டிக்கொண்டு போங்கள், வழியில் மனசைப் பற்றிப் பேசாதீர்கள். "உனக்கு என்ன குறை?" என்ற கேள்வியை வீட்டில் எல்லோரும் ஒரு மாதத்துக்கு வாயில் எடுக்காமல் இருந்தால் பெரிய உதவி.

சோதனைக்குழாய்

இன்னும் இரண்டு விடுபட்டது. அமுக்கரா சூரணம், அஸ்வகந்தா கேப்சூல் சாப்பிடுகிறவர்கள் டி.எஸ்.ஹெச். எடுக்கும்போது சொல்லுங்கள், தைராய்டு எண்களை அது மாற்றக்கூடும். அரிதாகக் கல்லீரலைப் பாதித்ததும் பதிவாகியிருக்கிறது. இரும்பு மாத்திரை போடுகிறவர்கள் டீ, காபிக்கு முன்னும் பின்னும் ஒரு மணியாவது இடைவெளி விடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் உறிஞ்சுவது நன்றாக இருக்கும், வயிறும் தாங்கும் (இது இரும்புக்கு மட்டும், மாத்திரைஅட்டை சார் மேலே சொன்ன மருந்துகளுக்கு இல்லை!). மலம் கறுப்பது சாதாரணம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் இருப்பு நிரம்ப மூன்று மாதம் தொடர வேண்டும்.

வடக்குவாசல்

எவ்வளவு நாளில் தெரியும்? நடுவில் நோட்டு நின்றுபோனால்?

பென்சில்சீவி

பொதுவாக முதலில் திரும்புவது வேலை செய்யும் தெம்பு, அப்புறம் நாட்டம். ரசனை முழுசாக வருவது கடைசி. நாலு வாரம் ஒழுங்காகச் செய்தும் 'தேறியது' பத்தி இம்மியும் நகரவில்லை என்றால் தனியாகத் தொடர வேண்டாம், நோட்டோடு மருத்துவரிடம் போங்கள். நின்றுபோன நாட்களைப் பின்னால் நினைவுபடுத்தி நிரப்பாதீர்கள், அது பொய்க்கணக்கு. ஒரு கோடு போட்டுவிட்டு, அந்த மணியில் என்ன செய்துகொண்டிருக்கிறீர்களோ அதில் இருந்து எழுதுங்கள். வேலையின் அளவை மட்டும் பாதியாக்குங்கள்: பத்து நிமிடம் நடந்தவர் ஐந்து.